வெள்ளை மாதா கோயிலுக்கு, கூலாயிலிருந்து

சிங்கப்பூர் செயிண்ட் ஆண்ட்ரூஸ் பேராலயமே, எங்கள் தோட்டத்து லயத்தில் யாரும் உன்னை இந்தப் பெயரால் அழைத்ததில்லை. சிலுவை வைத்த கட்டடம் எதுவானாலும் எங்களுக்கு அது மாதா கோயில்தான். நீ வெள்ளையாக இருந்ததால் அப்பாவுக்கு நீ ‘வெள்ளை மாதா கோயில்’. நீ மாதாவின் பெயரில் அல்ல, இயேசுவின் சீடர் அந்திரேயாவின் பெயரில் நிற்கிறாய் என்பதும், கத்தோலிக்கக் கோயில் அல்ல, ஆங்கிலிக்கன் பேராலயம் என்பதும் எனக்கு வெகுநாள் கழித்துத்தான் தெரிந்தது. தெரிந்த பிறகும் அப்பா வைத்த பெயரை விட மனம் வரவில்லை. அந்தப் பெயரிலேயே எழுதுகிறேன்.

வெள்ளைக் கோயிலே, உன்னிடம் எங்கள் குடும்பம் பட்ட முதல் கடன் ஒரு சாயங்காலம். ஜொகூர் மாநிலத்துக் கூலாயில் பால்மரங்களை வெட்டிச் சாய்த்துச் செம்பனை நட்ட காலத்தில் அப்பா தோட்ட வேலையை விட்டுக் கொத்து வேலை பழகினார். பூச்சு வேலைதான் அவருக்குக் கைவந்தது. விடியற்காலை நாலு மணிக்குச் சோற்றுப் பாத்திரத்தோடு கிளம்பி, ஜொகூர் பாலத்தைத் தாண்டி, சிங்கப்பூரில் எழும்பிக்கொண்டிருந்த அடுக்குமாடிகளுக்குச் சாந்து பூசிவிட்டு இரவு திரும்புவார். ஒருமுறை ஒரு குத்தகைக்காரர் இரண்டு மாதச் சம்பளத்தைக் கொடுக்காமல் மறைந்துவிட்டார். அன்றைக்கு வீட்டுக்கு வந்து அம்மாவின் முகத்தைப் பார்க்கத் துணிவில்லாமல் அப்பா உன் புல்வெளியில் வந்து உட்கார்ந்திருக்கிறார். நெற்றியில் விபூதியும் சட்டையில் சிமெண்டுக் கறையுமாக இருந்த மனிதரை யாரும் எழுப்பவில்லை, என்ன வேண்டும் என்று கேட்கவும் இல்லை. இருட்டியதும் எழுந்து வந்துவிட்டார். பல வருடம் கழித்து எங்களிடம் சொன்னபோதும் போன சம்பளத்தைப் பற்றி அவர் அதிகம் பேசவில்லை. “நல்ல எடம்மா, நெழலா இருந்துச்சு” என்றார்.

வெள்ளைக் கோயிலே, எனக்குப் பதினோரு வயதில் பள்ளி விடுமுறையில் அப்பா என்னை உன்னிடம் கூட்டிவந்தார். 170ஆம் எண் பஸ்ஸில் குவீன் ஸ்ட்ரீட்டில் இறங்கி, பிராஸ் பாசா வழியாக நடந்து வந்தோம். உன் கூம்புக் கோபுரத்தைப் பார்த்து நான் வாயைத் திறந்தபடி நின்றேன். அப்பா மேலே பார்க்கவே இல்லை. நேராகச் சுவரிடம் போனார். உள்ளங்கையை வைத்தார். பிறகு விரல் மடக்கி மெல்லத் தட்டினார், ஓர் அடி தள்ளி மறுபடி தட்டினார். பூச்சு சுவரை விட்டிருந்தால் உள்ளே காற்று நின்று வெற்றுச் சத்தம் கேட்கும் என்று எனக்கு அன்றைக்குத்தான் சொன்னார். “இது சிமெண்டு இல்லம்மா, சுண்ணாம்பு. முட்டை அடிச்சுப் பூசுனது. நம்ம ஊரு வேலை.” மேலே எத்தனை கை வண்ணம் ஏறியிருந்தாலும் அடியில் இருப்பது அவருக்குக் கேட்டுவிட்டது. ஒரு சுவரைக் காதால் படிக்கலாம் என்று எனக்குக் காட்டிக்கொடுத்த முதல் வாத்தியார் நீ.

வெள்ளைக் கோயிலே, அவர் சொன்னது சரி என்பதைப் பின்னாளில் புத்தகத்தில் கண்டபோது அழுதுவிட்டேன். உன்னைக் கட்டும் வேலையை மேற்பார்த்த மெக்நேர் என்ற அதிகாரி, 1899இல் வெளிவந்த நூலில் உன் பூச்சின் பக்குவத்தை எழுதிவைத்திருக்கிறார். மணல் சேராத சிப்பிச் சுண்ணாம்பு. அதில் முட்டையின் வெள்ளைக்கருவும் நாட்டுச் சர்க்கரையும் சேர்த்துக் களியாகும்வரை இடிப்பது. தேங்காய் மட்டையை ஊறவைத்த தண்ணீரை விட்டுக் குழைப்பது. சுவரில் ஏற்றிக் காய்ந்ததும் படிகக் கல்லாலோ உருண்டைக் கல்லாலோ தேய்த்துத் தேய்த்து மெருகேற்றுவது, இடையிடையே மாக்கல் பொடி தூவுவது. ஆங்கிலேயர்கள் இதற்கு வைத்த பெயர் ‘மெட்ராஸ் சுண்ணாம்பு’. செட்டிநாட்டு வீடுகளின் கண்ணாடிச் சுவர்களை அறிந்தவர்களுக்கு இது புதிதல்ல. ஆனால் முட்டையும் சர்க்கரையும் தேங்காய் மட்டையும் கடலுக்கு இப்பால் வந்து ஒரு கோதிக் பேராலயத்தின் மேனியானது உன்னிடத்தில்தான்.

வெள்ளைக் கோயிலே, அதைக் குழைத்த கைகளை நீ எனக்குக் காட்டினாய். அவர்கள் கைதிகள். சென்னை, வங்காளம், பம்பாய் மாகாணங்களிலிருந்து நாடு கடத்தப்பட்டுக் கப்பலேறி வந்தவர்கள். 1825இலேயே முதல் கூட்டம் சுமத்ராவின் பென்கூலனிலிருந்து சிங்கப்பூருக்கு வந்துவிட்டது. கல் உடைத்தார்கள், சாலை போட்டார்கள், சூளையில் செங்கல் சுட்டார்கள், தச்சும் கொல்லும் கொத்தும் பழகினார்கள். அவர்களுக்குக் காவலாக அவர்களிலிருந்தே ஆட்களைப் பொறுக்கி வைத்திருந்தார்கள். அவர்களை அடைத்திருந்த சிறை இருந்த இடம் பிராஸ் பாசா. நானும் அப்பாவும் எதுவும் அறியாமல் நடந்து வந்த அதே வழி. அவர்களும் காலையில் அங்கிருந்து நடந்துதான் உன்னிடம் வேலைக்கு வந்திருப்பார்கள்.

வெள்ளைக் கோயிலே, உன் உருவத்தை வரைந்தவர் கர்னல் ரொனால்ட் மெக்ஃபர்சன். அவர்தான் கைதிகளுக்கும் மேலாளர். இங்கிலாந்தின் தென்கரையில் இடிந்து கிடக்கும் நெட்லி மடத்தின் 13ஆம் நூற்றாண்டுக் கோயில் அவர் மனத்தில் இருந்தது என்பார்கள். அந்த நாட்டு மண்ணையே மிதிக்காதவர்கள், தாளில் கண்ட கூர்முனை வளைவுகளையும் நெடிய மெலிந்த ஜன்னல்களையும் சொட்டும் வியர்வையோடு வெயிலில் நின்று எழுப்பினார்கள். ஐரோப்பாவில் கல்லால் கட்டியதை இங்கே செங்கல்லிலும் சுண்ணாம்பிலும் கொண்டுவந்தார்கள். முதலில் கனத்த கோபுரம் ஒன்றுதான் திட்டம். அடித்தளம் தாங்காது என்று தெரிந்ததும் எடை குறைந்த கூம்பாக மாற்றினார்கள். நான் வாயைத் திறந்து பார்த்த அந்த அழகு, மண்ணின் பலவீனத்துக்குக் கட்டியவர்கள் வளைந்துகொடுத்ததால் வந்தது. 1856 மார்ச் 4 அன்று உனக்கு அடிக்கல் வைத்தார்கள். 1861 அக்டோபரில் முதல் வழிபாடு, 1862 ஜனவரியில் அர்ப்பணிப்பு.

வெள்ளைக் கோயிலே, உனக்கு முன் அதே இடத்தில் நின்ற ஆலயத்தின் மீது 1845இலும் 1849இலும் இடி விழுந்தது. அங்கே பேய் நடமாடுகிறது, அதை அடக்கத் தலை வேண்டுமாம், கைதிகளை அனுப்பித் தலை வெட்டுகிறார்களாம் என்று ஊரெல்லாம் வதந்தி பரவியதாகப் படித்தேன். சிறுவயதில் ‘பாலம் கட்டுகிறார்கள், தலைவெட்டி வருவான், வெளியே போகாதே’ என்று எங்கள் ஆயா எங்களை லயத்துக்குள் அடைத்துவைப்பாள். ஆயாவின் பயத்துக்கும் இவ்வளவு நீளமான வேர் இருக்கலாம் என்று உன்னால் எண்ணிப்பார்த்தேன். அந்தக் கைதிகளை நினைத்தால் நெஞ்சு கனக்கிறது. கொலைகாரர்கள் என்று ஊர் அஞ்சி ஒதுங்கிய அதே மனிதர்கள்தான் அடுத்த சில ஆண்டுகளில் முட்டை உடைத்து, சர்க்கரை இடித்து, குழந்தையின் கன்னத்தைப்போல உன் தூண்களைத் தேய்த்துக்கொண்டிருந்தார்கள்.

வெள்ளைக் கோயிலே, உன் பலிபீடத்துக்குப் பின்னுள்ள வண்ணக் கண்ணாடிகள் ஆங்கிலேய அதிகாரிகளான ராஃபிள்ஸ், கிராஃபர்ட், பட்டர்வொர்த் ஆகியோரின் நினைவுக்கானவை. மெக்ஃபர்சனுக்கு உன் வளாகத்தில் நினைவுச் சின்னமும் ஊருக்குள் ஒரு நீண்ட சாலையும் இருக்கின்றன. அந்தச் சாலை வழியாக அப்பா எத்தனையோ தடவை வேலைக்குப் போயிருக்கிறார், யார் பெயரென்று அறியாமலே. தேய்த்தவர்களின் பெயர் எந்தக் கண்ணாடியிலும் இல்லை. இது எனக்கு வலிக்கிறது என்பதை உன்னிடம் மறைக்க மாட்டேன். ஆனால் கண்ணாடி வெளிச்சம் இருக்கும்போது மட்டும்தான் பேசும். உன் சுவர் இருட்டிலும் கைக்கு அகப்படும்.

வெள்ளைக் கோயிலே, 1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் ஜப்பானியரிடம் விழும் நாள்களில் நீ மருத்துவமனையானாய், காயம்பட்டவர்கள் உன் நடுக்கூடத்தில் கிடந்தார்கள். அதற்குப் பிறகான மாதங்களில்தான் ஜொகூர்த் தோட்டங்களிலிருந்து எங்கள் ஆட்களைச் சயாம் ரயில் பாதைக்கு ஏற்றிப்போனார்கள். தாத்தாவின் அண்ணன் திரும்பவில்லை. அவருக்குப் படுக்க இப்படி ஒரு கூடம் கிடைத்திருக்காது. யாராயிருந்தாலும் சரி, அன்று உன்னிடம் படுத்தவர்களுக்கு நீ கொடுத்த கூரைக்காகவும் உன்னை வணங்குகிறேன்.

வெள்ளைக் கோயிலே, அப்பா போய் மூன்று வருடமாகிறது. அவருடைய கரண்டியும் மட்டப்பலகையும் தூக்குக்குண்டும் கூலாய் வீட்டில் என் அலமாரியில் இருக்கின்றன. போன மாதம் என் மகளைக் கூட்டிக்கொண்டு உன்னிடம் வந்தேன். அவளும் கோபுரத்தைத்தான் முதலில் பார்த்தாள். அவள் கையைப் பிடித்து அப்பா நின்ற பக்கத்துச் சுவருக்குக் கூட்டிப்போய், விரலை மடக்கித் தட்டச் சொன்னேன். தட்டினாள். ஓர் அடி தள்ளி மறுபடியும் தட்டினாள். சுவரில் காதை ஒட்டிவைத்துக் கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, “உள்ள நெறைஞ்சிருக்கும்மா” என்றாள்.