புகையின் நிறம்

பழைய மோட்டார் வண்டியைப் புதுப்பிக்க முனைவோரிற் பலர், இயந்திரத்தைச் சீர்செய்வதே அரிய வேலையென்றும், வர்ணம் பூசுதல் கடைசி நாள் அலங்காரமென்றும் எண்ணுகின்றனர். இயந்திரத்துக்கு அளவு உண்டு. தேய்ந்த உறுப்பை அளவுகோலே காட்டிவிடும். அறுபது ஆண்டுகளுக்கு முன் ஒரு தகரத்தின்மேல் இருந்த நிறம் எதுவென்று கேட்டாலோ, ஆளுக்கொரு விடை கிடைக்கும்.

நமது பாட்டனார் 1964-ஆம் ஆண்டில் வாங்கிய மோரிஸ் மைனர், தோட்டத்துக் கொட்டகையிற் சிவப்பாய்க் கிடந்தது. சிவப்பு, பிற்காலத்திற் சிற்றப்பா செய்த கைங்கரியம். அதற்குமுன் என்ன நிறமென வினவியபோது, பெரியப்பா நீலமென்றார். 1971-இல் அவ்வண்டியில் மணப்பெண்ணாய் ஏறிச் சென்ற அத்தையாரோ, வெளிறிய சாம்பல் நிறமென்று சாதித்தார். அத்தையாருக்குக் கண்ணழுத்த நோய். பார்வை குறுகிக்கொண்டே வருகின்றது. வேலையை ஆறப்போட இடமில்லை.

1952 முதற் சில ஆண்டுகள் வெளிவந்த மோரிஸ் வண்டிகளின் எண்ணோடு, நிறத்தைக் குறிக்கும் எழுத்தொன்றும் சேர்ந்திருக்கும். நமது வண்டி அதற்குப் பிற்பட்டது. எண் ஒன்றும் சொல்லவில்லை. ஆகவே வண்டியையே கேட்க வேண்டியதாயிற்று. வெயில் புகாத இடங்களிலேதான் பழைய வர்ணம் பிழைத்திருக்கும்: கதவின் உள்ளட்டைக்குப் பின்புறம், முகப்புப் பலகையின் அடிப்புறம், பின்பெட்டி விரிப்பின் கீழ். உள்ளட்டையைக் கழற்றி, மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்தோம். நீலம் ஊறிய சாம்பல் தோன்றியது. ஆங்கில நிறப்பட்டியலில் அதன் பெயர் ஸ்மோக் கிரே. புகைச் சாம்பல் என்னலாம். வேடிக்கை யாதெனில், அதன் குறியீடு பியூ 15. பியூ என்பது நீல நிறங்களுக்குரிய குறி. பெயர் அத்தையார் பக்கம், குறியீடு பெரியப்பா பக்கம்!

வண்டியின் கூரையில் நீர்க்காகிதத்தால் மெல்லத் தேய்த்தபோது, சிவப்பின் கீழ் வேறொரு சாம்பல் வந்தது. சுண்ணாம்பு தடவியதுபோல் வெளிறியது. வெயிலின் புறஊதாக் கதிர்கள் வர்ணத்தைப் பிணைத்து நிற்கும் பசையைச் சிதைத்து, மேற்பரப்பைத் தூளாக்கிவிடுகின்றன. ஏழாண்டு மலாயா வெயிலை உண்ட நிறத்தையே அத்தையார் மணநாளிற் கண்டிருக்கின்றார்.

நிற்க. நிறத்தை அளக்கும் கருவி இன்று வர்ணக் கடைகளில் உண்டு. கதவுத் தகரத்தை அளந்து கலவைக் கணக்கையும் அது தந்தது. ஆயினும் கடையின் குழல் விளக்கில் ஒன்றாய் நின்ற இரண்டும் நண்பகல் வெளிச்சத்திற் பிரிந்து நின்றன. இன்று கலக்கும் நிறப்பொருள்கள் அன்றையவை அல்லவாதலின், ஒரு விளக்கில் ஒத்தவை மற்றொன்றில் ஒவ்வாதிருத்தல் இயல்பே. “கிராணி ஐயா, டின்னுக்குள் பார்த்து முடிவு சொல்லாதீர்கள், காயட்டும்” என்றார் வர்ணக்காரர். அட்டையிற் பீய்ச்சி உலர்த்தியபோது நிறம் ஒரு படி கறுத்தது. அடிப்பூச்சின் நிறமும் மெல்லிய மேற்பூச்சினூடே தலைகாட்டும். கலந்து, பீய்ச்சி, உலர்த்தி, வெயிலிற் பார்த்து, மறுபடியும் கலப்பதைத் தவிர வேறு மார்க்கமில்லை.

மூன்று அட்டைகளை அத்தையாரிடம் காட்டினோம். தொழிற்சாலை நிறத்தை விலக்கி, மிக வெளிறியதைத் தொட்டு, “இதுதான் அப்பா வண்டி” என்றார். கண் கெட்டவர் பேச்சு என்றார் பெரியப்பா. நமக்கு அப்படித் தோன்றவில்லை. கூரைத் தகரமே அவருக்குச் சாட்சி.

பழைய வண்டிப் பிரியர்கள், தொழிற்சாலையை விட்டு வந்த நாளின் நிறத்தையே அசலென்று கொள்வர். நியாயந்தான். ஆனால் நமது வண்டி போட்டிக்குமன்று, விற்பனைக்குமன்று. அத்தையார் தொட்ட அட்டையையே வர்ணக்காரரிடம் கொடுத்தோம். சரியான நிறம் கையிலிருக்க மங்கியதைப் பூசுவதா என்று அவர் இரண்டு நாள் முறுமுறுத்தார். மூன்றாம் நாள் பூசினார். கதவின் உள்ளட்டைக்குப் பின்னுள்ள தகரத்தை மட்டும் தொடவேண்டாமெனச் சொல்லிவிட்டோம்.