சேப்பாக்கமா, டெல்லியா?

அக்கா பொண்ணுக்கு பி.ஏ. பொலிட்டிகல் சயின்ஸ் படிக்கணுமாம். "அப்படின்னா கட்சியில சேரணுமா?"ன்னு எங்க வீட்டுப் பெருசு ஒண்ணு கேட்டுச்சு. சிரிக்காதீங்க மக்கா. காசிமேட்டுல மீன் ஏலம் முடிச்சுட்டு வர்ற சனத்துக்கு பி.காம். தெரியும், நர்சிங் தெரியும், ஹார்பர் வேலை தெரியும். இது புதுசு.

அவளுக்கு இந்த ஆசை எப்ப வந்துச்சுன்னு எனக்குத் தெரியும். 2023 டிசம்பர்ல மிக்ஜாம் வெள்ளத்தோட எண்ணெயும் வந்து எண்ணூர் ஆத்துல படிஞ்சுது. அதே மாசம் 26-ஆம் தேதி ராத்திரி, பெரியகுப்பம் பக்கம் கடலுக்குள்ள போற குழாயில அம்மோனியா கசிஞ்சு, தூங்கிட்டிருந்தவங்க எழுந்து ஓடினாங்க. "மாமா, இந்தக் குழாய்க்கு பர்மிஷன் குடுத்தது யாரு? நிறுத்தச் சொல்ற அதிகாரம் யாருக்கு?"ன்னு கேட்டா. மாநகராட்சி, மாசுக் கட்டுப்பாட்டு வாரியம், கடல்சார் வாரியம், பசுமைத் தீர்ப்பாயம்னு பேரை அடுக்கினேன். "இதுல யாருக்கு மேல யாரு?"ன்னா. நான் டீ குடிக்கப் போயிட்டேன்.

இப்ப அவ கையில ரெண்டு பேரு. 1857-ல வந்த சென்னைப் பல்கலைக்கழகம், 1922-ல வந்த டெல்லிப் பல்கலைக்கழகம். வீட்டுல எல்லாரும் இந்த ரெண்டு பேரை வச்சுத்தான் சண்டை. ஆனா பி.ஏ.வுக்கு நாம சேரப்போறது யூனிவர்சிட்டியில இல்லீங்க, அதுக்குக் கீழ இருக்கிற ஒரு காலேஜ்ல. இங்கன்னா அவளுக்கு மாநிலக் கல்லூரி. 1840-ல ஆரம்பிச்சது, யூனிவர்சிட்டிக்கே அண்ணன். தன்னாட்சிக் கல்லூரிங்கறதால பாடத்திட்டமும் பரீட்சையும் அவங்களே பார்த்துக்குவாங்க, பட்டம் மட்டும் யூனிவர்சிட்டி பேருல வரும். டெல்லியில தலைகீழ். எந்தக் காலேஜ்ல சேர்ந்தாலும் ஒரே பாடத்திட்டம், ஒரே கேள்வித்தாள். அதனால பெரிய பேர் காலேஜ் கிடைக்கலைன்னா உலகம் முடிஞ்சு போகாது.

உள்ள நுழையற வழியும் வேற. 2021-ல டெல்லி இந்து காலேஜ்ல பொலிட்டிகல் சயின்ஸுக்கு கட்-ஆஃப் 100 சதவீதம்! அடுத்த வருஷமே க்யூட் நுழைவுத்தேர்வு வந்து பிளஸ் டூ மார்க்கை ஓரங்கட்டிடுச்சு. அந்தத் தேர்வே கூடாதுன்னு நம்ம சட்டசபை 2022 ஏப்ரல்ல தீர்மானம் போட்டுச்சு. இவ அதை எழுதியே முடிச்சுட்டா, அதுவும் தமிழ்க் கேள்வித்தாள் வாங்கி. வேடிக்கை என்னன்னா, உள்ள போனப்புறம் டெல்லியில பரீட்சையை இங்கிலீஷ்லயோ இந்தியிலயோதான் எழுதணும். பன்னிரண்டு வருஷம் தமிழ் மீடியத்துல படிச்ச புள்ளைக்கு முதல் வருஷம் கண்ணு பிதுங்கும்.

(நிர்வாகத்தை வச்சு முடிவு பண்ணலாமேன்னு கேட்காதீங்க. சேப்பாக்கத்துல 2023 ஆகஸ்டுல துணைவேந்தர் நாற்காலி காலியாச்சு. அடுத்தவரை யார் போடறதுன்னு கவர்னரும் அரசும் போட்ட சண்டை சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போச்சு. டெல்லியில 2013-ல நாலு வருஷப் படிப்பைக் கொண்டு வந்து, 2014-ல தூக்கிட்டு, 2022-ல திரும்பக் கொண்டு வந்தாங்க. பொலிட்டிகல் சயின்ஸ் ப்ராக்டிகல் ரெண்டு இடத்துலயும் ஃப்ரீ.)

அக்காவுக்கு இதெல்லாம் கணக்கே இல்ல. திருவொற்றியூர்ல மெட்ரோ ஏறினா கவர்ன்மென்ட் எஸ்டேட்ல இறங்கி காலேஜுக்குப் போயிடலாம், சாயங்காலம் பொண்ணு வீட்டுல இருப்பா. ஃபீஸும் பெருசா இல்ல. டெல்லின்னா தமிழ்நாடு எக்ஸ்பிரஸ்ல ரெண்டு ராத்திரி. ஹாஸ்டல்ல இடம் கிடைக்கலைன்னா வெளிய ரூம், சாப்பாடு. கூடை சுமந்து மீன் விக்கிற அக்காவுக்கு அது சின்னத் தொகை இல்ல.

நான் சொன்னது இதுதான்: பி.ஏ. இங்க படி, எம்.ஏ.வுக்கு டெல்லி போ. உனக்குத் தெரிஞ்சுக்க வேண்டிய வார்டு ஆபீஸும் வாரியமும் இங்கதான் இருக்கு, தமிழ்லதான் பேசுது. அவ உடனே, "பெரிய ப்ராஜெக்ட்னா சுற்றுச்சூழல் அனுமதி ஃபைல் டெல்லிக்குத்தானே மாமா போகுது? அதோட, இந்த ஒரே ரூம்ல நாலு பேருக்கு நடுவுல நான் எங்க உட்கார்ந்து படிக்க?" முதல் கேள்விக்காவது ஏதாவது சமாளிச்சிருப்பேன். ரெண்டாவதைக் கேட்டு அக்கா எழுந்து அடுப்படிக்குப் போயிடுச்சு.

இப்போதைக்கு மாநிலக் கல்லூரியில சேர்த்தாச்சு. 2025-ல டெல்லி முதல் லிஸ்ட் ஜூலை பாதிக்கு மேலதான் வந்துச்சு, அதனால இங்க வகுப்புக்குப் போய்ட்டே காத்திருக்கலாம். நல்ல காலேஜும் ஹாஸ்டலும் சேர்ந்து கிடைச்சா டி.சி. வாங்கிட்டுப் போகட்டும்னு நான் அக்காகிட்ட சொல்லியிருக்கேன். பதில் வரல.

டிஸ்கி: நம்ம பக்கத்துல டெல்லிக்கு அப்ளை பண்ற மீனவப் புள்ளைங்க கவனத்துக்கு. இங்க நமக்கு எம்.பி.சி., 20 சதவீதப் பிரிவு. அங்க அந்தப் பிரிவே கிடையாது, ஓ.பி.சி. 27 சதவீதத்துலதான் வருவோம். அதுக்கு மத்திய அரசு படிவத்துல, கிரீமி லேயர் இல்லைன்னு போட்ட சர்டிபிகேட் தனியா வாங்கணும். பழசு செல்லாது, அந்த நிதியாண்டுல வாங்கினதா இருக்கணும். தாலுக்கா ஆபீஸுக்கு ஏப்ரல்லயே நடக்க ஆரம்பிச்சிடுங்க.