குருதிக் கணக்கு சாதகமன்று

அம்பத்தூர்த் தொழிற்பேட்டையிலே முப்பது ஆண்டுகள் கடைசல் பிடித்தவர் நம் சிற்றப்பா. கணையத்திலே புற்று, ஈரலுக்கும் பரவிவிட்டது. மருந்தேற்றத் தொடங்கிய நாள்முதல் வீட்டார் வாயில் ஒரே மந்திரம்: சி.ஏ. 19-9! 37-க்குள் இருந்தால் இயல்பாம். நேற்றுவரை சாதகக் கட்டத்தைப் புரட்டிய கைகள் இன்று ஆய்வுக்கூடச் சீட்டைப் புரட்டின. எண் ஏறிற்று. "மருந்து பலிக்கவில்லை, நிறுத்திவிடுவோம்" என்று சின்னம்மா அழுதார்.

தோழர்களே, அது தலையெழுத்தா? புற்றணுக்கள் குருதியில் கலக்கும் ஒரு பொருளின் அளவு, 1979-இல் உலகறிந்தது. முத்துலட்சுமி அம்மையார் அடையாற்றிலே புற்றுநோய் நிலையம் கண்ட 1954-இல் இந்த வசதி ஏது? வாரக்கணக்கில் தொடர்ந்து இறங்கினால், மருந்து வேலை செய்கிறதென்று கருத இடமுண்டு. ஆனால், பித்தக்குழாய் அடைபட்டுக் காமாலை கண்டாலும் ஏறும். நூற்றுக்கு ஐந்து முதல் பத்துப் பேர் உடலிலே அப்பொருள் பிறவியிலேயே உருவாவதில்லை. புற்று முற்றினாலும் எண் அசையாது!

மருத்துவர் சீட்டை வைத்துவிட்டு மஞ்சள் பூத்த கண்ணைப் பார்த்தார். ஸ்கேன் எடுக்கச் செய்தார். கட்டி வளரவில்லை, அடைப்புத்தான். குழாய் பொருத்தியபின் காமாலை தணிந்தது, எண்ணும் சரிந்தது. அவசரப்பட்டிருந்தால், பயன் தந்த மருந்தையன்றோ நிறுத்தியிருப்போம்!

நோய் தீராது என்பதை அவர் மறைக்கவில்லை. பசி, எடை, நடமாட்டம் எல்லாம் கேட்டார். சிற்றப்பாவின் விருப்பத்தையும் கேட்டார்.

"இன்னும் இரண்டு தவணை பார்ப்போம்" என்றார் சிற்றப்பா.