தோட்டத்துக்கு மூணு லட்சம், செடிக்கு எட்டாயிரத்து ஐநூறு

ரொம்ப நாளாச்சு இந்தப் பக்கம் எட்டிப் பார்த்து. ஆபீஸில் ஆணி அதிகம், அது வழக்கமான கதை. ஆனால் ஆணிக்கு நடுவில் ஒரு எக்ஸெல் ஷீட்டும் ஓடிக்கொண்டிருந்தது. ப்ராஜெக்ட் எஸ்டிமேட் இல்லீங்க, ஊட்டியில் எங்க அம்மிச்சி வீட்டுத் தோட்டத்துக்கான எஸ்டிமேட். நம்ம மக்கள் ரெண்டு மூணு பேர் குன்னூர், கோத்தகிரிப் பக்கம் இடம் வாங்கிப் போட்டிருப்பதாகச் சொல்லியிருந்தீர்கள். உங்களுக்கு உதவும் என்றுதான் கணக்கை அப்படியே இங்கே கொட்டுகிறேன்.

முதலில் முன்கதைச் சுருக்கம். (வெளியூர்க்காரங்களுக்கு: எங்க கொங்குப் பக்கம் அம்மாவோட அப்பா அப்பிச்சி, அம்மாவோட அம்மா அம்மிச்சி.) அப்பிச்சிக்கு சொந்த ஊர் அன்னூர். மேட்டுப்பாளையம் உருளைக்கிழங்கு மண்டிக்கு சரக்கு பிடிக்க மலை ஏறிப் போனவர், கடைசியில் ஊட்டியிலேயே நாலரை செண்ட் சரிவு நிலத்தை வாங்கி ஒரு ஓட்டு வீடு கட்டி உட்கார்ந்துவிட்டார். அவர் போய் சில வருஷமாச்சு. அம்மிச்சிக்கு இப்போ 76. தனியாத்தான் இருக்காங்க.

2024 ஜூலை 30-ஆம் தேதி வயநாட்டில் முண்டக்கையும் சூரல்மலையும் மண்ணுக்குள் போனதை எல்லாரும் டிவியில் பார்த்தோம். அடுத்த பத்து நாளில் அம்மிச்சி வீட்டுப் பின்பக்க மேட்டிலிருந்து ஒரு வண்டி மண் சரிந்து துவைக்கிற கல்லை மூடிவிட்டது. யாருக்கும் ஒண்ணும் ஆகலை. ஆனால் மாமா அன்னைக்கே முடிவு பண்ணிவிட்டார். "வித்துப்போட்டு கீழ வந்துருங்கம்மா." அம்மிச்சி அசரவில்லை. "நான் போனதுக்கப்புறம் வித்துக்கோ சாமி, யாரு வேண்டாம்ங்கறா?"

அந்த வருஷம் மே மாசம்தான் அவங்களைச் சரவணம்பட்டியில் எங்க மூணாவது மாடி ஃப்ளாட்டில் கொண்டு வந்து வைத்திருந்தோம். ஒன்பது நாள். பத்தாவது நாள் காலையில் பையைத் தயார் பண்ணி சோபாவில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். யாரும் எதுவும் பேசவில்லை, நான் வண்டியை எடுத்தேன்.

ஆக, மாமாவுக்கும் எனக்கும் ஒரு ஒப்பந்தம். அடுத்த மழைக்கு முன்னால் மூணு லட்சத்துக்குள் அந்த இடத்தைப் பயமில்லாமல் இருக்கிற மாதிரி பண்ணிக் காட்டணும். பாதி அவர், பாதி நான். முடியலைன்னா அம்மிச்சி கீழே.

கோவையில் லேண்ட்ஸ்கேப்பிங் பண்ணும் ஒருத்தரிடம் வாட்ஸப்பில் போட்டோ அனுப்பினேன். மறுநாளே அழகா ஒரு பிடிஎஃப் வந்தது. ஆறு லட்சத்து எண்பதாயிரம். கொரியன் புல், பேவர் பிளாக், நாலு ஃபாக்ஸ்டெயில் பனை, சின்ன நீரூற்று, புல்தரைக்கு விளக்கு, கீழ்ப்பக்கம் அஞ்சடி காம்பவுண்ட் சுவர். பின்பக்க மேட்டுக்கு ஒரே ஒரு வரி: சரிவு சீர் செய்தல், 15,000. அவரைக் குறை சொல்லவில்லை. வடவள்ளியிலோ காளப்பட்டியிலோ என்றால் அந்த பிடிஎஃப் சரிதான். நம்ம ஊரில் தோட்டம் என்றால் முதல் கேள்வி தண்ணி எங்கிருந்து வரும்? போரா, சிறுவாணியா, லாரியா? ஊட்டியில் கேள்வியே வேற. வர்ற தண்ணி எங்கே போகும்?

டொராண்டோவில் இருக்கும் மச்சானிடமும் கேட்டேன், குளிர் ஊரில் தோட்டம் போட்ட அனுபவஸ்தன் ஆச்சே. அவன் ஊரில் குளிர்காலத்தில் தரை நாலடி ஆழம் வரைக்கும் உறையும் என்று வைத்துத்தான் அஸ்திவாரம் போடணுமாம். மண்ணுக்குள் இருக்கிற ஈரம் ஐஸாகும்போது பெருத்து, மேலே இருக்கிறதைத் தூக்கிவிடும். வேலிக் கம்பத்துக்குக்கூட அவ்வளவு ஆழம் தோண்டணும், அதிலேயே பாதி பட்ஜெட் காலி என்று புலம்பினான். யூடியூபில் "குளிர்ப் பிரதேசத் தோட்டம்" என்று தேடினால் வருவதெல்லாம் இந்த சமாச்சாரம்தான். 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஊட்டிக்கு இது பொருந்தாது. அங்கே உறைபனி புல் மேலே வெள்ளையா படியும், வெயில் வந்ததும் கரைஞ்சு போகும். தரை ஆழமா உறையாது. குளிர் செடியைக் கொல்லலாம், சுவரைத் தள்ளாது. சுவரைத் தள்ளுவது தண்ணி.

எவ்வளவு தள்ளும்? நான் படித்தது ஈசிஇ. சிவில் படித்த பழைய ரூம்மேட்டை உட்கார வைத்து ஒரு டீ வாங்கிக் கொடுத்துக் கணக்குப் போட்டோம். ஆறடி உயரச் சுவருக்குப் பின்னால் தண்ணி முழுசா தேங்கி நின்றால், ஒரு மீட்டர் நீளத்துக்குத் தண்ணி மட்டுமே ஏறக்குறைய 1.7 டன் தள்ளும். எங்களுக்கு வேண்டியது 30 அடிச் சுவர். ஆக 15 டன். மண் தள்ளுவது தனி. தண்ணிக்கு வழி விட்டால் இந்த 15 டன் அப்படியே பூஜ்யம். அதுக்கு ஆகிற செலவு பதினோரு பிவிசி குழாயும் கொஞ்சம் ஜல்லியும்!

இது ஒண்ணும் புதுக் கண்டுபிடிப்பு இல்லை. ஊட்டி தாவரவியல் பூங்காவை 1848-இல் மெக்ஐவர் கையில் எடுத்தபோது மேல் பக்கம் செங்குத்தான காடு, கீழ்ப்பக்கம் சதுப்பு, நடுவில் ஆழமான ஓடைப் பள்ளங்கள். மனுசன் ஒழுங்குக்குக் கொண்டுவரப் பத்து வருஷம் ஆச்சு. இப்போ நாம் போய் போட்டோ எடுக்கும் அந்தப் புல்வெளிக்கு அடியில் இருப்பது வடிகால் வேலைதான். மலர்க் கண்காட்சிக்குப் போகிற யாராவது வாய்க்காலைப் போட்டோ எடுத்திருக்கீங்களா? :)

சரி, மேட்டருக்கு வருவோம். மூணு லட்சத்தில் 1,62,000 கருங்கல் தடுப்புச்சுவருக்கு. 30 அடி நீளம், ஆறடி உயரம், அஸ்திவாரத்தோட சேர்த்து 540 கன அடி கட்டு, கன அடிக்கு 300 ரூபாய். சுவருக்குப் பின்னால் ஓரடி அகலத்துக்கு ஜல்லி, மண் வந்து ஜல்லியை அடைக்காமல் இருக்க நடுவில் ஒரு துணி மாதிரி விரிப்பு, அஞ்சடிக்கு ஒன்றாக ரெண்டு வரிசையில் மூணு இஞ்ச் குழாய், எல்லாம் இதிலேயே அடக்கம். மேட்டுக்கு மேலே ஒரு வாய்க்கால், ஓட்டுக் கூரைத் தண்ணியைப் பிடித்து ரோட்டுச் சாக்கடை வரை கொண்டுபோகும் குழாய், ரெண்டும் சேர்த்து 34,000. படிக்கட்டு 41,000. ஏற்று கூலிக்கும் டெம்போவுக்கும் 18,000. மண், எரு 9,000. செடி 8,500. மிச்சம் 27,500 கையிருப்பு.

அந்த ஏற்று கூலியை ஷீட்டில் போடச் சொன்னது அம்மிச்சி. "கல்லு ரோட்டுல வந்து எறங்கிரும் கண்ணு. அங்கிருந்து யாரு தூக்கியாருவா?" ரோட்டிலிருந்து வீடு எழுபது மீட்டர், ஆறடிச் சந்து. இருபது டன்னுக்கு மேல் கல். எல்லாம் தலைச்சுமைதான். பொக்லைன் விடலாமே என்பீர்கள். நீலகிரியில் கலெக்டர் அனுமதி இல்லாமல் இறக்க முடியாது. அந்தச் சந்தில் நுழையவும் நுழையாது. கையால்தான் தோண்டினார்கள். அதிலும் மேஸ்திரி அண்ணன் முப்பது அடியையும் ஒரேயடியாகத் தோண்ட விடவில்லை. பத்தடி தோண்டி, கட்டி மேலே வந்த பிறகுதான் அடுத்த பத்தடி. மொத்தமா அடியைப் பறிச்சா மேடு நம்ம தலையிலேயே வந்து உட்காரும் தம்பி என்றார். இந்த ஒரு விஷயத்துக்காகவே நாலு நாள் கூலி அதிகமானாலும் பரவாயில்லை. வேலை அவசரம் என்று யாராவது மொத்தமாகத் தோண்டச் சொன்னால் ஒத்துக்காதீங்க.

எப்போ வேலை ஆரம்பிக்கிறோம் என்பதும் பட்ஜெட்தான். ஜனவரியில் ராத்திரி பூஜ்யத்துக்குப் பக்கத்தில் போகும், சிமெண்ட் கலவை லேசில் இறுகாது. ஏப்ரல், மே சீசன். மலைப்பாதை முழுக்க டூரிஸ்ட் வண்டி, லாரிக்கு நேரக் கட்டுப்பாடு வேற. ஜூனில் மழை. ஆக கையில் இருப்பது பிப்ரவரி, மார்ச். நகராட்சியில் கேட்டுவிட்டு 2025 பிப்ரவரி முதல் வாரத்தில் ஆரம்பித்தோம். அப்பவும் மேஸ்திரி மதியம் மூணு மணிக்கு மேல் கலவை போட மாட்டார். கட்டிய வரைக்கும் சாக்குப் போட்டு மூடிவிட்டுப் போய்விடுவார். சனி ஞாயிறு நான் மேலே போய் நின்றுகொண்டு இருப்பேன், பெரிய இஞ்சினியர் மாதிரி.

படிக்கட்டுக்கு 41,000 ஜாஸ்தி என்று மாமா சொன்னார். அந்தத் தோட்டத்தில் மேல்பாத்திக்கும் கீழ்ப்பாத்திக்கும் அம்மிச்சி இத்தனை வருஷமும் மண்ணில் வெட்டிய படியில்தான் ஏறி இறங்கினாங்க. 76 வயசு, பாசி வழுக்கும். ஆறு இஞ்ச் உயரம், ஓரடி அகலம், மேலே சொரசொரப்பு, பக்கத்தில் கைப்பிடி. ஜிஐ பைப் கைப்பிடிதான் ஷீட்டில் இருந்தது. அம்மிச்சி வேண்டாம்னுட்டாங்க. "டிசம்பர்ல காலையில அதைத் தொட்டுப் பாரு, தெரியும்." கற்பூர மரக் கம்பு போட்டோம். விலையும் கம்மி. (யூகலிப்டஸைத்தான் அங்கே கற்பூர மரம் என்பார்கள்.)

கீழ்ப்பக்கக் காம்பவுண்ட் சுவரை முழுசா வெட்டிவிட்டேன். காசு மட்டும் காரணமில்லை. காத்து அசையாத, மேகமில்லாத ராத்திரியில் குளிர்ந்த காற்று கனமாகி, தண்ணி மாதிரியே சரிவில் இறங்கி வரும். ஊட்டியில் பள்ளத்தில் இருக்கிற இடத்திலெல்லாம் பனி கொடுமையா இருக்கிறது இதனால்தான். கீழே கெட்டிச் சுவர் வைத்தால் அந்தக் குளிர் தோட்டத்துக்குள்ளேயே தேங்கும். கம்பி வேலி ஏற்கெனவே இருந்தது, அப்படியே விட்டோம். தண்ணிக்கும் வழி, குளிருக்கும் வழி.

செடிக்கு 8,500 போட்டதில் அம்மிச்சி செலவழித்தது 3,100. ஒரு பேரி, ஒரு பிளம்ஸ், கொஞ்சம் ரோஜா. மிச்சமெல்லாம் அக்கம்பக்கத்தில் ஒடிச்சு வந்த குச்சி. ஜெரேனியம், ஃபியூசியா, ஹைட்ரேஞ்சியா எல்லாம் குச்சியிலேயே வரும். அங்கத்த மண் புளிப்பு மண், அதனால் ஹைட்ரேஞ்சியா பைசா செலவில்லாமல் நீலமாப் பூக்கும். புல்லுக்கும் காசில்லை. ஊரெல்லாம் கிக்குயு புல், கென்யாப் பக்கத்திலிருந்து வந்தது. விட்டால் மலையின் சொந்தப் புல்லையே தின்றுவிடும், அதனால் பாத்திக்குள் வராமல் பார்த்துக்கணும். மேட்டின் மேலே மட்டும் மண்ணைப் பிடிக்கட்டும் என்று விட்டிருக்கிறோம். உறைபனிக்கு மூடாக்கு? பூங்காவிலேயே மிலார்தான் வைத்து மூடுகிறார்கள். அம்மிச்சியும் அதேதான், அதுக்கும் ஷீட்டில் வரி கிடையாது.

அந்த வருஷம் மழை அவசரப்பட்டுவிட்டது. ஜூன் 1 வாக்கில் வரவேண்டிய தென்மேற்குப் பருவமழை கேரளாவில் மே 24-லேயே ஆரம்பித்தது. அடுத்த ரெண்டு நாள் நீலகிரிக்கு ரெட் அலர்ட். நான் இங்கே ரிலீஸ் காலில் மாட்டிக்கொண்டு, மனசெல்லாம் அங்கே. ராத்திரி எட்டு மணிக்கு போன் எடுத்தாங்க.

"தண்ணி வருதுங்களா அம்மிச்சி?"

"எண்ணிப்போட்டேன் கண்ணு. பதினொண்ணுலயும் வருது. பத்து தெளிவா வருது, கடைசிக் குழாயில மட்டும் சேறா வருது."

மழையில் டார்ச் அடித்துக்கொண்டு போய் எண்ணியிருக்காங்க! திட்டுவதா, சிரிப்பதா? ஆனால் அந்தச் சேறு சாதாரண விஷயமில்லை. குழாயில் தெளிந்த தண்ணி வந்தால் சுவர் நல்லா வேலை செய்கிறது. சேறு வந்தால் பின்னால் இருக்கிற மண் கரைந்து வெளியே போகிறது என்று அர்த்தம். மழை விட்டதும் மேஸ்திரி அண்ணன் அந்த மூலையில் தோண்டிப் பார்த்தார். விரிப்பு ஒரு சாண் விலகியிருந்தது. சரி பண்ணி, ஜல்லி போட்டு மூடினார். 4,000 ரூபாய், கையிருப்பிலிருந்து. அதுக்கப்புறம் பெய்த மழையில் பதினொண்ணும் தெளிவு.

மாமா இன்னும் அந்தப் பக்கம் செண்ட் என்ன விலை போகுதுன்னு விசாரித்துக்கொண்டுதான் இருக்கிறார். ஆனால் அம்மிச்சியிடம் இப்போதைக்கு எதுவும் பேசுவதில்லை. இங்கிருந்து மேலே போகும்போதெல்லாம் மேட்டுப்பாளையத்தில் நிறுத்தி அவருக்காக ஒரு மூட்டை தொழுவுரம் ஏற்றிக்கொண்டு போகிறார், எருவுக்குப் போட்ட வரியும் அதனால் மிச்சம்.

பேரிச் செடி குன்னூர் பழப்பண்ணையில் வாங்கினது. காய்க்க எத்தனை வருஷம் ஆகும்னு ஆளுக்கு ஒண்ணு சொல்றாங்க. அந்தப் பக்கம் வைத்திருக்கறவங்க யாராவது இருந்தா பின்னூட்டத்தில் சொல்லுங்க, அம்மிச்சி போன் பண்ணும்போதெல்லாம் கேட்டுக்கிட்டே இருக்காங்க. கூடவே அடுத்த ஷீட்டுக்கு ஒரு வரியும் சொல்லியிருக்காங்க. துவைக்கிற கல்லை வெயில் படுற பக்கம் மாத்தணுமாம். மேஸ்திரி அண்ணன் 3,200 கேட்கிறார்.