அழித்த ஆறு வரிகள்

காட்டுப்பள்ளித் துறைமுகப் பணி முடிந்து, இஷா தொழுதபின், மகளின் பைத்தான் பயிற்சியை நாங்கள் இருவரும் பார்த்தோம். 1 முதல் 100 வரையுள்ள எண்களைக் கூட்ட, 'வைல்' சுழற்சியுடன் ஆறு வரிகள் எழுதியிருந்தாள். "இத்தனை எதற்கம்மா?" என்று கடிந்து, அவற்றை அழித்துவிட்டு 'சம்', 'ரேஞ்ச்' கொண்டு ஒரே வரியாக்கினோம்.

விடை 4950. அவள் முன்பே கண்டதோ 5050.

'ரேஞ்ச்' தன் இறுதி எண்ணைச் சேர்க்காது. 100 என்று கொடுத்தால் 99-லேயே நின்றுவிடும். 101 என்று கொடுத்திருக்க வேண்டும். (கடைசிக் கன்டெய்னரை எண்ணாமல் கையொப்பமிடுவோமா?) 100-ஐ 101-ஆல் பெருக்கி இரண்டால் வகுத்தால் சுழற்சியே வேண்டாம் என்பதையும் காட்டினோம். அவள் அதைக் கவனிக்கவில்லை.

"அத்தா, என்னுடையது சரியாகத்தானே இருந்தது?"

ஆறு வரிகளையும் அவளே நினைவிலிருந்து மீண்டும் எழுதினாள். நாங்கள் விசைப்பலகையைத் தொடவில்லை.