குமிழித் தூம்பும் தண்ணீர் ரயிலும்

கோடையில் நீர் வற்றினால், புதுக்கோட்டை மாவட்டத்துப் பழைய கண்மாய்கள் சிலவற்றின் உள்ளே இரண்டு கல்தூண்கள் தலைகாட்டும். குறுக்கே கல் சட்டம் போட்டிருப்பதால், குளத்துக்கு நடுவே யார் ஊஞ்சல் கட்டினார்கள் என்று வெளியூர்க்காரருக்குத் தோன்றும். அதுதான் குமிழித் தூம்பு. தூண்களின் அடியில் ஒரு கல்தொட்டி. அதன் மூடுகல்லில் பெரிய துளை ஒன்று, அது நீரோடி. கீழே தரையை ஒட்டிச் சிறு துளைகள், அவை சேறோடி. மேல்துளையை அடைத்திருக்கும் குமிழைத் தூக்கினால் தெளிந்த நீர் மேலிருந்து தொட்டிக்குள் இறங்கும். அந்த வேகத்தில் அடியில் படிந்த வண்டலும் சிறு துளைகள் வழியே இழுபட்டு, கரைக்கு அடியில் ஓடும் சுரங்கக்கால் வழியாக வயலுக்குப் போய்விடும். வயலுக்கு உரம், குளத்துக்கு ஆழம்; இரண்டும் ஒரே வேலையில் முடிந்தன. இத்தூண்கள் சிலவற்றில் கல்வெட்டும் உண்டு. புதுக்கோட்டை சமஸ்தானம் 1929இல் தொகுத்து வெளியிட்ட கல்வெட்டுப் பாடங்களில், மெய்க்கீர்த்தி முழக்கும் நீண்ட சாசனங்களுக்கு நடுவே, இன்னார் செய்வித்த குமிழி என்று ஓரிரு வரியில் முடிந்துபோகும் சாசனங்களும் இருக்கின்றன. படித்தால் மனதில் நிற்பவை எனக்கு இந்தச் சிறியவைதாம். மன்னர் எந்த நாட்டை வென்றார் என்பதில் பாதி மிகை. குமிழி நட்டவர் மிகைப்படுத்த வழியில்லை. அடுத்த மழையிலேயே குட்டு வெளிப்பட்டுவிடும்.

இந்த மாவட்டத்தைச் சென்னைக்குப் பக்கத்தில் வைத்துப் பேசுகிறவர்கள் ‘வளர்ந்தது, பின்தங்கியது’ என்று இரண்டே வார்த்தையில் கணக்கை முடித்துவிடுகிறார்கள். அதற்கு வறட்சியைக் காரணம் சொல்வதும் வழக்கம். மழைக்கணக்கு அப்படிச் சொல்லவில்லை. சென்னையில் ஆண்டுக்குச் சராசரியாக 1,400 மில்லிமீட்டர் அளவில் பெய்கிறது. புதுக்கோட்டைக்கு அதில் மூன்றில் இரண்டு பங்கு கிடைத்தாலே பெரிது. வெள்ளாறும் அக்னியாறும் மழைக்கு மட்டும் முகம் காட்டுகிறவை. இருந்தும் தண்ணீரை விலைக்கு வாங்கிப் பழகிய ஊர் சென்னைதான். 2019 ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து 50 வேகன்களில் 25 லட்சம் லிட்டரோடு முதல் ரயில் வில்லிவாக்கம் வந்து சேர்ந்தது. அதற்கு முன்பே ஆந்திரத்திலிருந்து கிருஷ்ணா நீர் வந்தது. 200 கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள வீராணத்திலிருந்து குழாய் வந்தது. வீராணம் சோழர்கள் பாசனத்துக்கு வெட்டிய ஏரி என்பது குழாயைத் திறக்கிற யாருக்கும் நினைவு வருவதில்லை. சென்னையும் ஒரு காலத்தில் ஏரி ஊர்தான். நீண்டு கிடந்த மாம்பலம் ஏரியைத் தூர்த்துத்தான் 1920களில் தியாகராய நகர் எழுந்தது. நுங்கம்பாக்கம் ஏரி இருந்த இடத்தில் வள்ளுவர் கோட்டம் நிற்கிறது. மேற்கு மாம்பலத்தில் லேக் வியூ ரோடு இன்னமும் இருக்கிறது. வியூ மட்டும்தான் இல்லை. ஆக, இரண்டு ஊருக்கும் உள்ள வித்தியாசத்தை வானம் வகுக்கவில்லை. பக்கத்துக் குளம் போனாலும் வேறொருவருடைய குளத்திலிருந்து வாங்கிக்கொள்ளலாம் என்ற வசதியே நகரத்தை நகரமாக்கியது. அந்த வசதி இல்லாதவர்கள் குமிழியைக் காப்பாற்றியாக வேண்டியிருந்தது.

கோடி ஜனம் வாழும் ஊர் கண்மாயை நம்பிப் பிழைக்க முடியுமா என்று கேட்பார்கள். முடியாதுதான். ஆனால் ஏரிகளைத் தூர்த்த காலத்தில் அங்கே கோடி ஜனம் இல்லை. ஏரி போன பிறகுதான் கூட்டம் பெருகியது. இதைவிடக் கூர்மையான கேள்வி ஒன்று உண்டு: புதுக்கோட்டையில் மட்டும் என்ன வாழ்கிறது? பல ஊர்களில் குடிப்பதே காவிரிக் கூட்டுக் குடிநீர். கண்மாய்க்குள் சீமைக்கருவேலம், வரத்துக்கால் மேல் வீடு, மழை இறங்க வேண்டிய மேட்டில் தைலமரம். ஆலங்குடிப் பக்கம் பலாவும் பூவும் விளைவது ஆழ்துளைக் கிணற்றின் புண்ணியத்தில். மடை திறந்துவிட்ட நீர்க்கட்டிகளில் பலருக்குச் சொந்தமாக ஒரு குழி நிலம்கூட இருந்ததில்லை. கண்மாய்ப் பொருளாதாரம் சமத்துவப் பூங்கா ஒன்றுமில்லை. சிங்கப்பூருக்கும் வளைகுடாவுக்கும் பிள்ளைகள் விமானம் ஏறியது ஊர் பிடிக்காமல் அல்ல, ஊரில் வழியில்லாமல். அத்தனையும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இதெல்லாம் என் வாதத்துக்குப் பலம்தான். வெளிப்பணமும் போர்வெல்லும் வந்து, கண்மாய் இல்லாமலும் காலம் தள்ளலாம் என்றான அளவுக்கு, புதுக்கோட்டையும் மெல்ல மாம்பலமாகிக்கொண்டிருக்கிறது.

இந்த மண்ணில் குளம் வெறும் பாசன ஏற்பாடாக மட்டும் இருந்ததில்லை என்பதற்குச் சித்தன்னவாசலே சாட்சி. சமணர் குடைந்த அந்தக் கோயிலின் விதானத்தில் ஒன்பதாம் நூற்றாண்டு ஓவியர் தீட்டியது ஒரு தாமரைத் தடாகம்: மீன், அன்னம், யானை, எருமை, பூப்பறிக்கும் ஆட்கள். சொர்க்கத்துக்குப் போகிற வழியிலும் ஒரு குளத்தைத் தலைக்கு மேல் வைத்த ஊர் இது. அறிஞர்கள் அதற்குச் சமண தத்துவ விளக்கம் சொல்கிறார்கள், சரியாகத்தான் இருக்கும்; ஆனால் அந்த எருமையைத் தத்துவத்திலிருந்து எடுத்திருக்க முடியாது.

2021 பிப்ரவரியில் காவிரி–வைகை–குண்டாறு இணைப்புக் கால்வாய்க்கு அடிக்கல் நாட்டினார்கள். கேட்டுக் கேட்டு அலுத்த மாவட்டத்துக்கு அது நியாயமாகக் கிடைக்க வேண்டியதுதான். ஆனால் மாயனூரிலிருந்து கால்வாய் கொண்டுவரப்போவது காவிரி வெள்ளத்தின் உபரியை. வெள்ளம் எல்லா ஆண்டும் வராது, வந்தாலும் சில வாரம்தான். அந்தச் சில வாரத்து நீரைக் கார்த்திகை, மார்கழி தாண்டி நிறுத்திவைக்கக் கண்மாய் வேண்டும். கஜா புயலுக்குப் பின் ஆலங்குடி வட்டாரத்து இளைஞர்கள் தாங்களே பணம் திரட்டி எந்திரம் இறக்கிக் குளம் தூர்வாரியது, கால்வாய் நிதிக்குக் காத்திருந்து செய்த வேலை அல்ல. நில எடுப்பு முடிவதற்குள் வரத்துக்கால்களை அளந்து கல் ஊன்றிவிடலாம். அதற்குச் சமஸ்தானக் காலத்துச் சர்வே வரைபடமும் ஒரு தாசில்தாரின் பிடிவாதமும் போதும்.