காக்கா, அந்தக் கடைப் பக்கம் மட்டும் போகாதீங்க!

கென்ஷின் இம்பாக்ட் ஆட்டத்தை முதன்முறை திறக்கும்போது அது ஒரு கேள்வி கேட்கும். எந்த சர்வர்? ஆசியா, ஐரோப்பா, அமெரிக்கா, தைவான்-ஹாங்காங்-மக்காவ் என்று நான்கு பெயர்கள் வரும். நமக்கோ வாளைத் தூக்கிக்கொண்டு ஓடும் அவசரம். ஏதோ ஒன்றைத் தட்டிவிட்டு உள்ளே போய்விடுவோம்.

ஷார்ஜாவில் ஒரு சூப்பர் மார்க்கெட்டில் வேலை பார்க்கும் முத்துப்பேட்டை இளைஞரும் அப்படித்தான் போனார். ஊரில் கல்லூரியில் படிக்கும் தங்கை இந்த ஆட்டத்தை ரொம்ப நாளாக ஆடிவருகிறார். அவருக்கு ஓர் ஆச்சரியம் தரலாம் என்று சொல்லாமல் கொள்ளாமல் மூன்று வாரம் ஆடினார் அண்ணன். பிறகு ஒரு ராத்திரி தன் யு.ஐ.டி. எண்ணை வாட்ஸ்அப்பில் அனுப்பி, "என்னை ஃப்ரெண்டா சேரு பிள்ளை" என்றார்.

எண் 7-ல் தொடங்கியது. தங்கையுடையது 8. அதாவது அண்ணன் ஐரோப்பா சர்வரில், தங்கை ஆசியாவில். ஒரு சர்வரில் இருப்பவர் இன்னொரு சர்வரில் இருப்பவரைப் பார்க்கவே முடியாது. கணக்கை இங்கிருந்து அங்கே மாற்றவும் வழியில்லை. மூன்று வாரம் சேர்த்ததை அப்படியே விட்டுவிட்டு, ஆசியா சர்வரில் முதல் படியிலிருந்து தொடங்குவது ஒன்றுதான் வழி. "காக்கா, ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல?" என்று தலையில் அடித்துக்கொண்டார் தங்கை. அந்த வீட்டில் அண்ணனை அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

ஆகவே, புதிதாக இறங்குபவர்கள் முதல் வேலையாக, யாரோடு சேர்ந்து ஆடப்போகிறீர்களோ அவர்களிடம் சர்வர் பெயரைக் கேட்டுவிடுங்கள்.

ஆட்டத்தைப் பற்றித் தெரியாதவர்களுக்குச் சின்ன அறிமுகம். சீனாவின் ஷாங்காயைச் சேர்ந்த மிஹோயோ நிறுவனம் 2020 செப்டம்பர் 28-ல் வெளியிட்டது. டெய்வாட் என்ற கற்பனை உலகம். காணாமல்போன உடன்பிறப்பைத் தேடி அலையும் ஒரு பயணிதான் நீங்கள். அண்ணன் தங்கையைத் தேடலாம், தங்கை அண்ணனைத் தேடலாம். தொடக்கத்திலேயே தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம். வளைகுடாவுக்கு ஆள் அனுப்பிவிட்டு போனைப் பார்த்துக்கொண்டிருக்கும் ஊர்க்காரர்களுக்கு இந்தக் கதையை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

ஐக்கிய அரபு அமீரகத்தில் வாட்ஸ்அப் வாய்ஸ் கால் வேலை செய்யாது. போட்டிம் மாதிரி அங்கே அனுமதி பெற்ற ஆப்பில்தான் பேச வேண்டும். பேசினாலும் எவ்வளவு பேசுவது? "சாப்பிட்டியா, உம்மா எப்படி இருக்கு, வேலை எப்படிப் போவுது" என்று ஐந்து நிமிடத்தில் பேச்சு தீர்ந்துபோகும். தங்கை ஆட்டக் குறிப்புகளை வாய்ஸ் நோட்டாக அனுப்பத் தொடங்கிய பிறகுதான் இருவருக்கும் பேச விஷயம் கிடைத்தது. அவற்றில் புதியவர்களுக்கு உதவுபவை சில.

முதல் நோட்டே போனைப் பற்றியது. இந்த ஆட்டத்துக்கு 20 ஜி.பி.க்கு மேல் இடம் வேண்டும். நடுத்தர விலை போன் என்றால் செட்டிங்ஸில் கிராஃபிக்ஸைக் குறைத்து, எஃப்.பி.எஸ். 30-ல் வைத்துக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் அரை மணி நேரத்தில் போன் தோசைக்கல் ஆகிவிடும். சார்ஜ் போட்டுக்கொண்டே ஆடக் கூடாது. டவுன்லோடை வைஃபையில் வைத்துக்கொள்வது நல்லது. தமிழில் இந்த ஆட்டம் இல்லை. ஆங்கிலத்தில்தான் படிக்க வேண்டியிருக்கும். வசனத்தை அவசர அவசரமாகத் தட்டித் தள்ளினால் அடுத்து எங்கே போவது என்றே புரியாது.

அடுத்தது அட்வென்ச்சர் ரேங்க். இருவர் சேர்ந்து ஆட இந்த ரேங்க் 16 ஆக வேண்டும். சண்டை போட்டுக்கொண்டே இருந்தால் ரேங்க் ஏறும் என்று நினைத்து, கண்ணில் பட்ட அரக்கனையெல்லாம் அடித்துக்கொண்டிருந்தார் அண்ணன். ஏறவில்லை. கதைப் பணிகளை முடிப்பது, வரைபடத்தில் போக்குவரத்துப் புள்ளிகளைத் திறப்பது, புதையல் பெட்டிகளைத் தேடுவது, தினமும் கிடைக்கும் நான்கு சிறு வேலைகளைச் செய்வது, இவைதான் ரேங்க்கை ஏற்றும். புதுப் பகுதிக்குள் போனதும் அங்கே இருக்கும் சிலையைத் தேடித் தொட வேண்டும். அதுவரை மூடியிருந்த வரைபடம் அப்போதுதான் விரியும். அடிபட்டு வந்தால் காயம் ஆற்றும் இடமும் அதுதான். முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டுக்குள் படகில் போனவர்களுக்குத் தெரியும், எந்த வாய்க்கால் எங்கே திரும்பும் என்று தெரியாதவரை எல்லாமே ஒரே பச்சைச் சுவர்தான். இங்கேயும் முதல் இரண்டு வாரம் வழி பழகுவதற்குத்தான்.

சண்டையில் ஏழு தனிமங்கள் உண்டு. காற்று, கல், மின்சாரம், செடி, நீர், நெருப்பு, பனி. ஆங்கிலப் பெயர்களை மனப்பாடம் செய்து குழம்பிக்கொண்டிருந்த அண்ணனுக்குத் தங்கை சொன்ன விளக்கம் இது. "ஈரக் கையோட மோட்டார் சுவிட்சைத் தொடக் கூடாதுன்னு உம்மா கத்துமே, அதான் காக்கா. முதல்ல அவனை நனைங்க. அப்புறம் ஷாக் அடிங்க." நனைந்தவன் மேல் பனியை விட்டால் உறைந்து நின்றுவிடுவான். நெருப்பும் நீரும் மோதினால் அடியின் வலு ஒன்றரை மடங்கு, இரண்டு மடங்கு என்று கூடும். ஒரே தனிமத்தை வைத்து மல்லுக்கட்டுபவர்கள்தான், 'இந்த ஆட்டம் கஷ்டம்' என்று சொல்லிவிட்டு அழித்துவிடுகிறார்கள்.

இதற்குத் தேவையான ஆட்கள் இலவசமாகவே வருகிறார்கள். நெருப்புக்கு ஆம்பர், பனிக்கு கேயா, மின்சாரத்துக்கு லிசா. கொஞ்சம் பொறுத்தால் நீருக்கு பார்பரா. பார்பரா காயத்தையும் ஆற்றுவார். நால்வரையும் ஒரே சமயத்தில் வளர்க்கப் பார்த்தால் அனுபவப் புத்தகமும் மோரா நாணயமும் தீர்ந்துபோகும். அடிப்பவர் ஒருவரை முதலில் ஏற்றுங்கள், மற்றவர்கள் பின்னால் வரட்டும். ஆளை ஏற்றிவிட்டு ஆயுதத்தை மறந்துவிடுவதும் புதியவர்கள் வழக்கமாகச் செய்வது.

சமையலைச் சொல்லாமல் விடக் கூடாது. ஆட்டத்துக்குள் அடுப்பு இருக்கிறது. இறைச்சி, காளான், இனிப்புப் பூ என்று வழியில் கிடைப்பதைப் பொறுக்கி வைத்துக்கொண்டு சமைத்தால் சண்டை நடுவிலேயே சாப்பிட்டு உயிர் ஏற்றிக்கொள்ளலாம். ஓடும் முள் மஞ்சள் பட்டையில் நிற்கும்போது சரியாகத் தட்டினால் பதம் நன்றாக வரும். மூன்று வேளையும் மெஸ்ஸில் சாப்பிடும் அண்ணனுக்குப் பிடித்துப்போன பகுதி இதுதான். சண்டைக்குப் போகாமல் சமைத்துக்கொண்டே இருந்த நாட்களும் உண்டாம்.

ரெசின் என்று ஒன்று இருக்கிறது. பெரிய பரிசுகளை எடுக்க அதைச் செலவழிக்க வேண்டும். 8 நிமிடத்துக்கு ஒன்று ஊறும், 200 வந்தால் நின்றுவிடும். கணக்குப் போட்டால் நிரம்ப 26 மணி 40 நிமிடம். நாளுக்கு ஒருமுறை நம்மை உள்ளே இழுத்துப் போடுவதற்கென்றே அளந்து வைத்தது மாதிரி இருக்கிறது. புதியவர்கள் அதை அனுபவப் புத்தகத்துக்கும் மோராவுக்கும் செலவழித்தால் போதும். நல்ல ஆர்ட்டிஃபேக்ட் தேடுவதெல்லாம் ரேங்க் 45-க்குப் பிறகு. ஒரு நாள் வழிந்து வீணானால் குடி முழுகிவிடாது. ஆசியா சர்வரில் புது நாள் பிறப்பது நம் ஊர்க் கணக்கில் இரவு 1.30 மணிக்கு. ஷார்ஜாவில் அப்போது சரியாக நள்ளிரவு. அண்ணனுக்கு அது வசதி. மறுநாள் காலேஜ் போக வேண்டிய தங்கைக்கு இல்லை. விழித்திருந்து நாளைத் தொடங்கி வைக்கும் பழக்கத்தை அவர் சீக்கிரமே விட்டுவிட்டார்.

இவ்வளவு சொன்ன தங்கை, ஒன்றை மட்டும் தாமதமாகச் சொன்னார். கடை.

புது கதாபாத்திரங்களை இந்த ஆட்டத்தில் நேரடியாக வாங்க முடியாது. 'விஷ்' என்ற குலுக்கலில்தான் எடுக்க வேண்டும். ஒரு குலுக்கலுக்கு 160 பிரிமோஜெம். ஐந்து நட்சத்திரக் கதாபாத்திரம் விழும் அடிப்படை வாய்ப்பு 0.6 சதவீதம். 90 குலுக்கலுக்குள் ஒன்று நிச்சயம். ஆனால் அது நீங்கள் ஆசைப்பட்ட ஆளாகவே இருக்கும் என்று உறுதியில்லை. தவறிப்போனால் இன்னும் 90 வரை போக வேண்டியிருக்கலாம். அதாவது மோசமான நாளில் 180 குலுக்கல், 28,800 பிரிமோஜெம். தினசரி வேலைகளில் கிடைப்பதோ ஒரு நாளைக்கு 60.

பொறுமை இல்லாதவர்களுக்காகத்தான் கடை. ஏறக்குறைய 100 டாலருக்கு 6,480 கிரிஸ்டல். முதல் முறை வாங்கினால் இரட்டிப்பாக 12,960. அண்ணன் வாங்கினார். 81 குலுக்கல் வந்தது. ஒரு பிரபல வீரரை எதிர்பார்த்துச் சுற்றியவருக்கு விழுந்தது, ஆங்கிலத்தில் க்யூ என்ற எழுத்தில் தொடங்கும் ஒரு குட்டிப் பெண். "பேரே சீச்சீயாம் பிள்ளை!" என்று சிரித்துக்கொண்டே நோட் போட்டார். அடுத்த நோட்டில் சிரிப்பு இல்லை. "இன்னொரு தடவை போட்டா கண்டிப்பா வந்துரும்ல?"

"இது எந்தக் காசு காக்கா?" என்று கேட்டார் தங்கை.

"ஓவர்டைம் காசுதான்."

அன்றிரவு தங்கை ஒரு பேப்பரில் கணக்குப் போட்டு போட்டோ எடுத்து அனுப்பினார். இரட்டிப்பு ஒரு தடவைதான். அதன் பிறகு அதே 100 டாலருக்கு போனஸோடு சேர்த்து 8,080. அதில் 50 குலுக்கல். இன்னும் 90 வரை போக வேண்டி வந்தால் இரண்டு பாக்கெட், 200 டாலர், 730 திர்ஹத்துக்கு மேல். ஏற்கெனவே போனதையும் சேர்த்தால் 1,100. கீழே ஒரு வரி: 'ரம்ஜானுக்கு நீங்க வர்ற டிக்கெட்டுக்கு இது பத்துமான்னு பார்த்துச் சொல்லுங்க.'

இரண்டு நாள் பதில் இல்லை. உம்மாவிடம் சொல்லிவிடுவதா, வேண்டாமா என்று தவித்த நாட்கள் அவை. சொன்னால் அண்ணன் ஆட்டத்தை விட்டுவிடுவார். ராத்திரிப் பேச்சும் பழையபடி ஐந்து நிமிடத்துக்குச் சுருங்கிவிடும். சொல்லாவிட்டால்? மூன்றாம் நாள் அண்ணனே நோட் அனுப்பினார். "கார்டை எடுத்துட்டேன். அந்த பார்பராவை எப்படி லெவல் ஏத்துறது?"

இங்கே பெற்றோர்கள் கவனிக்க ஒரு விஷயம். தமிழ்நாட்டின் 2022-ம் ஆண்டு ஆன்லைன் விளையாட்டுச் சட்டமும், 2025-ல் வந்த மத்திய அரசின் சட்டமும் குறிவைப்பது பணம் கட்டிப் பணம் ஜெயிக்கும் ஆட்டங்களை. ரம்மி மாதிரியானவை அதில் மாட்டும். இந்த ஆட்டத்தில் பணம் உள்ளேதான் போகும், வெளியே வராது. அதனால் குலுக்கல் இருந்தும் இது அந்தக் கணக்கில் சேராது. அமெரிக்காவில் 2025 ஜனவரியில், இதே குலுக்கல் விவகாரத்தில் வணிக ஆணையம் தொடுத்த வழக்கை முடிக்க ஆட்டத்தின் வெளியீட்டு நிறுவனம் 2 கோடி டாலர் கட்ட ஒப்புக்கொண்டது. பெற்றோர் சம்மதம் இல்லாமல் 16 வயதுக்குட்பட்டவர்களுக்கு அங்கே குலுக்கல் விற்கக் கூடாது. இங்கே அப்படி யாரும் காவலுக்கு இல்லை. பிள்ளைகள் கையில் போன் இருந்தால், பிளே ஸ்டோரில் ஒவ்வொரு முறையும் பாஸ்வேர்டு கேட்கும்படி வைத்துவிடுங்கள். சேமித்து வைத்த கார்டை நீக்கிவிடுங்கள்.

காசில்லாமலும் குலுக்கலாம். சுமார் ஆறு வாரத்துக்கு ஒருமுறை புதுப் பதிப்பு வரும். அதற்கு முன் நிறுவனமே நேரலையில் மூன்று கோடுகளைத் தரும். ஆட்டத்துக்குள் போட்டால் மொத்தம் 300 பிரிமோஜெம். அதைத் தவிர 'இலவச ஜெம்' என்று யார் லிங்க் அனுப்பினாலும் அது உங்கள் கணக்கைப் பிடுங்கத்தான். சேரும் ஜெம்மை நிரந்தரக் குலுக்கலில் கரைக்காமல், சிறப்புக் குலுக்கலுக்கு வைத்திருங்கள். இம்முறை விழாவிட்டாலும் நீங்கள் சுற்றிய எண்ணிக்கை அடுத்த சிறப்புக் கதாபாத்திரக் குலுக்கலுக்குத் தொடரும்.

இப்போது இருவரும் வாரத்தில் மூன்று நாள் சேர்ந்து ஆடுகிறார்கள். ஷார்ஜாவில் கடை வேலை முடிந்து ஒன்பது மணி என்றால் இங்கே பத்தரை. அடுத்தவர் உலகத்துக்குள் விருந்தாளியாகப் போனால் சில மரியாதைகள் உண்டு. புதையல் பெட்டியை வீட்டுக்காரர்தான் திறக்க முடியும். செடி, கனிமம் எதைப் பறித்தாலும் கேட்டுவிட்டுப் பறிப்பது நல்லது, அவருக்கே தேவைப்படலாம். தெரியாதவர்கள் தட்டிக்கொண்டு வராமல் இருக்க, 'அனுமதித்த பிறகு மட்டும்' என்று வைத்துக்கொள்ள வேண்டும். கல்லூரிப் பெண்கள் இதை முதல் நாளே செய்துவிடுவது நல்லது. ஆட்டத்துக்குள் வாய்ஸ் சாட் கிடையாது, எழுத்துதான். தங்கை தமிழை ஆங்கில எழுத்தில் தட்டுவார். அண்ணன் பதிலுக்கு மரத்தின் மேல் ஏறி நின்று குதித்துக் காட்டுவார்.

அண்ணன் இப்போது ரேங்க் 27. 30 வந்தால் மீன்பிடிக்கலாம் என்று தங்கை சொல்லியிருக்கிறார். இனாசுமா தீவுப் பகுதியில் மீன் சங்கத்திடம் பிடித்த மீன்களைக் கொடுத்தால் 'தி கேட்ச்' என்ற ஈட்டி கிடைக்கும். காசு செலவில்லாமல் வரும் ஆயுதங்களில் அதற்கு நல்ல பெயர். ஒவ்வொரு மீனுக்கும் இரை வேறு, மாற்றிப் போட்டால் கிட்டவே வராது என்று ஒரு நீளமான நோட்டும் போட்டிருந்தார்.

கோரையாற்றில் தூண்டில் போட்டே வளர்ந்தவரிடமிருந்து இரண்டு விநாடியில் பதில் வந்தது. "இதை எனக்கு நீ சொல்றியா?"